கார்னிவல் வேஷம்: சின்ன வயதில் என்னவாக வெளிக்கிட்டீர்கள்?

கொலோன்காரி

எல்லாருக்கும் வணக்கம். கடைகளில் கார்னிவல் (ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்க முன் வேஷம் போட்டுக் கொண்டாடுகிற திருவிழா) உடுப்புகள் தொங்கத் தொடங்கிவிட்டன. ஜேர்மனியிலும் சுவிசிலும் வளர்ந்த ஆட்கள் இந்தக் கருத்துக்களத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சின்ன வயதில் என்ன வேஷம் போட்டீர்கள், யார் தைத்துத் தந்தார்கள், அந்தக் குளிரில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

நாங்கள் இருந்தது கொலோனில் ஏரன்பெல்ட் பக்கம். வியாழக்கிழமை பகல் 11 மணி 11 நிமிடத்துக்குத் தெருக் கார்னிவல் தொடங்கும். ஞாயிறன்று பள்ளிக்கூடங்களும் அயல் சங்கங்களும் நடக்கிற ஊர்வலம், திங்கள் ரோஸன்மொன்டாக் பெரிய ஊர்வலம், செவ்வாய் எங்கள் ஏரன்பெல்டின் சொந்த ஊர்வலம். இத்தனைக்கும் ஒரே ஒரு உடுப்புத்தான். அது கிழியாமல், மழைக்கு ஊறாமல் செவ்வாய் இரவு வரை தாங்க வேண்டும்.

என்னுடையது லப்பன்கிளவுன். பழைய ஜாக்கெட்டின் மேல் துணித் துண்டுகளை வரிசை வரிசையாகத் தைத்த கோமாளி உடுப்பு. கொலோனில் வளர்ந்த யாருக்கும் தெரியும். மேல்மாடியில் இருந்த ஜேர்மன் பாட்டிதான் அம்மாவுக்குக் கையால் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். விரல் நீளத் துண்டுகள் வெட்டி, ஓடு வேய்கிற மாதிரிக் கீழ் விளிம்பில் தொடங்கி மேலே போக வேண்டும். மேல் வரிசை கீழ் வரிசையின் தையலை மறைக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுடையது ஃபெல்ட் துணி, வெட்டினாலும் நூல் பிரியாது. அம்மா போட்டது சாறி பிளவுஸ் வெட்டிய மிச்சங்கள்: ஊதாப் பட்டு, மயில்கழுத்துப் பச்சை, இடையிடையே சரிகைக் கரை. வெள்ளிக்கிழமையே நூல் நூலாகப் பிரியத் தொடங்கிவிடும். சரிகை பட்ட இடத்தில் கழுத்து தடித்துச் சிவந்துவிடும். பிறகு பார்த்தால் நான் நடந்த வழியெல்லாம் ஊதா நூல் கிடக்கும். ஆனால் ஊர்வலத்தில் முன்பின் தெரியாத மனுசி ஒருவர் என்னை மறித்து, கையைத் தடவிப் பார்த்து, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். அம்மா அதை ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆள் வாங்கோ.

வன்னித்தம்பி

டோர்ட்முண்ட். கவ்போய். வேறென்ன? 90களில் ஆம்பிளைப் பிள்ளை என்றால் கவ்போய், கடற்கொள்ளைக்காரன், பொலிஸ், இந்த மூன்றுக்குள்தான்.

எல்லாப் பெடியளிடமும் விளையாட்டுத் துவக்கு இருக்கும். சிவப்பு வளையத்தில் பொட்டு மருந்து போட்டுச் சுடுவது, வகுப்பு முழுக்க அந்தக் கந்தக மணம். எங்கள் வீட்டில் மட்டும் அம்மா துவக்கை வாசலுக்குள்ளேயே எடுக்கவிடவில்லை. பிளாஸ்டிக் என்று அப்பா சொல்லியும் கேட்கவில்லை. "துவக்கு மாதிரி இருக்கிற ஒன்றும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது" என்றார், அவ்வளவுதான். உடுப்புக் காயப்போடுகிற கயிறு ஒரு துண்டு வெட்டித் தந்தார், மாடு பிடிக்கிற கயிறாம். துவக்கில்லாத கவ்போய் நான் ஒருத்தன்தான். ஆனால் அந்தக் கயிற்றால் இரண்டு கடற்கொள்ளைக்காரரைக் கதிரையோடு கட்டிப்போட்டேன்.

ரைன்கரை

முதலில் ஒரு விஷயம். கார்னிவல் வாழ்த்துக்கு நீங்கள் கொலோன்காரர் "அலாவ்" சொல்லிக்கொண்டிருங்கள், டுசல்டோர்ஃபில் "ஹெலாவ்"தான். சின்னதில் கொலோனில் இருக்கிற மாமி வீட்டுக்குப் போய் ஊர்வலத்தில் ஹெலாவ் என்று கத்தியதற்கு மச்சான் என் வாயைப் பொத்தினான்.

வேஷம்? பட்டுப்பாவாடை. ஒவ்வொரு வருடமும் பட்டுப்பாவாடை. நான் கேட்டது ஸ்னோவைட் உடுப்பு. அம்மா சொன்னார், "வீட்டில் இவ்வளவு வடிவான உடுப்பு இருக்க எதற்குக் காசு?" அட்டிகை, நெற்றிச்சுட்டி எல்லாம் வைத்து அனுப்பினார். கிண்டர்கார்டன் ஆசிரியை "இந்திய இளவரசி வந்திருக்கிறாள்!" என்று கைதட்டினார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எனக்கு அழுகை. மற்றவர்கள் எல்லாம் வேறு ஒருவராக மாறி வந்திருந்தார்கள், நான் பொங்கலுக்குக் கோயிலுக்குப் போகிற நானாகவே போய் நின்றேன்.

இன்னொரு கொடுமை: பாவாடைக்குள் பனிச்சறுக்கு உடுப்பு. மேலே குளிர் ஜாக்கெட். அட்டிகை ஜாக்கெட்டுக்கு மேலே. இதைச் செய்யாத அம்மா ஜேர்மனியில் உண்டோ?

கொலோன்காரி

பனிச்சறுக்கு உடுப்பு ஹாஹா. இதில் தமிழ் அம்மா, ஜேர்மன் அம்மா வித்தியாசமே இல்லை. தேவதை, வண்ணத்துப்பூச்சி, சிங்கம் எல்லாம் மொத்தமாக உருண்டுகொண்டுதான் வரும். லப்பன்கிளவுனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இரண்டு அளவு பெரிய ஜாக்கெட்டாக எடுத்துத் தைத்தால் உள்ளே எத்தனை கம்பளிச் சட்டையும் போகும்.

நெடுந்தீவான்

பிள்ளைகள் எல்லாரும் எழுதுகிறீர்கள். தகப்பன்மாரின் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

நாங்கள் கொலோனுக்கு வந்தது 1990 கடைசியில். ஒரு அறையில் நான்கு பேர். மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிக் கொஞ்சக் காலத்தில் ஒரு கடதாசி கொண்டுவந்தான். சேர்ந்து இருந்த ஈரானியர் ஒருவர்தான் வாசித்துச் சொன்னார்: பிள்ளையை வேஷம் போட்டு அனுப்புங்கள் என்று இருக்கிறதாம். எங்களுக்கு வேஷம் என்றால் தெரியாதா? ஊரில் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் வினோத உடைப் போட்டி இல்லாமல் முடியாது. நான் மீன் விற்கிறவராகத் தலையில் கடகத்தோடு போய்ப் பரிசு எடுத்தவன். கடகத்துக்குள் நிஜ மீன். வெயிலில் சுற்றி வந்து முடிய நடுவர்மார் மூக்கைப் பிடித்துக்கொண்டு முதலிடம் தந்தார்கள், பிளாஸ்டிக் கோப்பை ஒன்று.

மகனுக்குக் கடதாசி மட்டையில் கிரீடம் வெட்டி, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்டி ராசாவாக்கினோம். ஹைமில் (அகதிகள் விடுதியில்) இருந்த எல்லாரும் வெள்ளித்தாள் சேர்த்துத் தந்தார்கள். திங்கட்கிழமை பெரிய ஊர்வலம் பார்க்கப் போகலாம் என்று பிள்ளை குதித்துக்கொண்டு இருந்தான். ஊர்வலம் இல்லை என்று விட்டார்கள். 1991, வளைகுடாப் போர். கொலோனில் மட்டுமில்லை, ரைன் கரை ஊர்கள் எங்கும் அந்த வருடம் ரோஸன்மொன்டாக் ஊர்வலம் நிறுத்தப்பட்டது.

எனக்கு அது பெரிய ஆச்சரியம். எங்கள் தலைக்கு மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது கோயில் கொடியேற்றத்தை நிறுத்தினதில்லை. பதுங்குகுழியில் இருந்து எழும்பிப் போய்த் தேர் இழுத்திருக்கிறோம். இவர்கள் எங்கோ நடக்கிற சண்டைக்கு இனிப்பு எறிவதை நிறுத்துகிறார்கள். மரியாதையா, பயமா என்று அன்றைக்கு நானும் அந்த ஈரானியரும் நெடுநேரம் கதைத்தோம். அவர் ஈராக்கோடு நடந்த போரில் சண்டை போட்ட ஆள், "மரியாதை" என்றார். ஊர்வலம் இல்லாவிட்டாலும் சனம் சும்மா இருக்கவில்லை. வேஷம் போட்டுக்கொண்டு தாங்களாகவே தெருவில் நடந்தார்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போய்க் கொஞ்சத் தூரம் நடந்தோம்.

வன்னித்தம்பி

நிஜ மீன் 😂 ஐயா, அந்தக் கோப்பை இப்போதும் இருக்கிறதா?

நெடுந்தீவான்

கோப்பையும் இல்லை, தம்பி, அது இருந்த வீடும் இல்லை.

பாசல்பாலன்

சுவிஸ் பக்கம் யாரும் எழுதவில்லையே. பாசலில் கதையே வேறு.

முதலாவது, திகதி. பெரும்பாலான ஊர்களில் சாம்பல் புதனோடு, அதாவது தவக்காலம் தொடங்குகிற நாளோடு, முடிந்துவிடும். பாசலில் அதற்கு அடுத்த திங்கள் அதிகாலை 4 மணிக்குத்தான் தொடங்கும். அந்த நிமிடம் நகரத்தின் உள்பகுதி முழுக்கத் தெருவிளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் நூற்றுக்கணக்கான லாந்தர்கள், பிக்கோலோ குழலும் மேளமும். மோர்கெஷ்ட்ராய்ஹ் என்பது இதைத்தான். வியாழன் காலை 4 மணிக்குச் சரியாக நின்றுவிடும், 72 மணித்தியாலம். யுனெஸ்கோ பட்டியலில் 2017இல் சேர்த்தார்கள்.

இரண்டாவது, பார்க்க வருகிறவர்கள் வேஷம் போடக்கூடாது. முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வந்தால் வெளியூர்க்காரன் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ஊர்வலத்தில் நடக்கிறவர்கள் மட்டும்தான் உடுப்போடு, அதுவும் தலை முழுக்க மூடுகிற லார்வே முகமூடி, கையுறை, எல்லாம் சேர்த்து. உள்ளே யார் என்று சொந்தத் தாய்க்கும் தெரியக்கூடாது. பார்க்கிறவர்கள் பிளகெட்டே என்கிற வில்லையை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். அது செம்பு, வெள்ளி, பொன் நிறங்களில் வரும். குத்தாமல் நின்றால் வாகிஸ் வேஷக்காரர் சும்மா விடமாட்டார்கள். பெரிய மூக்கு, நீலச் சட்டை, மரச் சப்பாத்து. பிடித்து வைத்துக் கழுத்துக்குள்ளே ரெப்லிக் கடதாசித் துகளைக் கை கையாகத் திணிப்பார்கள். ஒரு கிழமைக்குப் பிறகும் காலுறைக்குள்ளிருந்து வரும்.

ரெப்லிக்கும் ஒரு சட்டம் இருக்கிறது: ஒரு பைக்குள் ஒரே நிறம். பல நிறம் கலந்து இருந்தால் தெருவில் கிடந்ததை அள்ளியது என்று அர்த்தம். நாங்கள் சின்னப் பிள்ளைகள், காசு இல்லை, அள்ளித்தான் எறிந்தோம். பேச்சு வாங்கினோம். பிறகு மூளையைப் பாவித்து நீலத்தை மட்டும் பொறுக்கினோம்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது வகுப்புத் தோழன் ஒருவனோடு சேர்ந்து குழு ஒன்றின் சிறுவர் பிரிவில் மேளம் பழகப் போனேன். லார்வேயை நாங்களே செய்ய வேண்டும். களிமண்ணில் முகம் பிடித்து, அதன்மேல் பசையில் தோய்த்த கடதாசிக் கீற்றுகளை ஒட்டி ஒட்டி, காய்ந்த பிறகு களிமண்ணை எடுத்துவிட்டு நிறம் அடிப்பது. அப்பா வல்வெட்டித்துறை ஆள். பொங்கலுக்குப் பட்டம் கட்டி வளர்ந்தவர். பசை என்றதும் அவருக்கு உசார் வந்துவிட்டது. வீட்டில் கோதுமை மாவைக் காய்ச்சி, கட்டி இல்லாமல் ஒரு வாளி கொண்டுவந்து வைத்தார். கீற்றை வெட்டக்கூடாது, கையால் கிழிக்க வேண்டும், கிழித்த ஓரம்தான் ஒட்டும் என்று ஒரு வரி ஜேர்மன் தெரியாமல் அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தார். குழுவின் பெரியவர் ஒருவர் அடுத்த வருடமும் "பசைக்கார அப்பா" வருவாரா என்று கேட்டு ஆள் அனுப்பினார்.

முகமூடிக்குள் எப்படி இருக்கும் தெரியுமா? மூச்சு ஈரத்தில் பசை மணக்கும். கண் துவாரம் என் கண்ணுக்கு நேரே இல்லை. மூக்குத் துவாரத்தால்தான் பார்ப்பேன். படி இறங்கும்போது ஒன்றும் தெரியாது, முன்னால் போகிறவனின் குதிக்காலைப் பார்த்து இறங்க வேண்டும். ஆனால் ஒரு விஷயம். கையுறையும் தலையும் போட்ட பிறகு என் தோல் ஒரு இடத்திலும் தெரியாது. வகுப்பில் என்னை ஒதுக்குகிற பெடியனின் தாயார் வந்து என் தோளில் தட்டி "நன்றாக அடிக்கிறாய் மகனே" என்றார். எனக்குள் வந்த சிரிப்பைச் சொல்ல முடியாது.

கொலோன்காரி

பார்க்க வருகிற பிள்ளைகள் சும்மா உடுப்பிலா நிற்பார்கள்? கொலோனில் அப்படி நின்றால்தான் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள்!

பாசல்பாலன்

செவ்வாய்க்கிழமை பிள்ளைகளின் நாள், அக்கா. அன்று குடும்பமாக வேஷம் போட்டுத் தெருவில் இழுவண்டியோடு சுற்றுவார்கள். பாவம், அவ்வளவு கொடுமைக்காரர் இல்லை.

மழைத்துளி

லூசெர்னில் வளர்ந்தேன். இங்கே வியாழன் அதிகாலை 5 மணிக்கு ஏரிக்கரையில் பெரிய வெடிச்சத்தத்தோடுதான் பாஸ்நாக்ட் (கார்னிவலுக்கு இங்கே அந்தப் பெயர்) தொடங்கும். அதற்குப் பிறகு குக்கன்மியூசிக் குழுக்களின் எக்காளமும் மேளமும், வேண்டுமென்றே சுருதி பிசகி ஊதுவார்கள். காது கிழியும், ஆனால் கால் தானாக ஆடும்.

அம்மம்மா ஊரிலிருந்து வந்த முதல் வருடம் யாரும் அவருக்குச் சொல்லிவைக்கவில்லை. வெடித்த மறுகணம் அவர் கட்டிலில் இல்லை. மேசைக்குக் கீழே இருந்தார், என் தம்பியை இழுத்து மடிக்குள் அமுக்கிக்கொண்டு. தம்பி புலி வேஷத்தில் இருந்தான், மீசையெல்லாம் அவரது சேலையில் அப்பிவிட்டது. வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் நம்பினார். "இவ்வளவு சத்தமும் சந்தோசத்துக்கோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த வருடத்திலிருந்து நாலரைக்கே எழும்பி, பிளாஸ்கில் தேநீர் ஊற்றி, எங்களை அதட்டி எழுப்பி வெளிக்கிடுத்தியது அவர்தான்.

எல்பேகாற்று

ஹம்பேர்க்கில் தெருக் கார்னிவல் கிடையாது, பள்ளிக்கூட ஃபாஷிங் (வேஷக் கொண்டாட்டம்) மட்டும்தான். அதனால் எனக்கு உங்களளவு பாசம் இல்லை. ஒரு கசப்பான நினைவு மட்டும் இருக்கிறது.

மூன்றாம் வகுப்பு. ஒருவன் முகமெல்லாம் மண்ணிறம் பூசி, துவாய் ஒன்றைத் தலைப்பாகையாகக் கட்டி வந்தான். என் பக்கத்தில் வந்து நின்று "பார், இப்போது நான் நீ" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்துப் படம் எடுத்தார். அந்தப் படத்தில் நானும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

2019இல் இங்கே ஒரு கிண்டர்கார்டன், அமெரிக்கப் பூர்வகுடி, அரபு ஷேக் மாதிரி வேஷங்களைத் தவிர்க்கும்படி பெற்றோரிடம் கேட்டபோது நாடு முழுக்கப் பத்திரிகைகள் கொதித்தன. பிள்ளைகளின் சந்தோசத்தைக் கெடுக்கிறார்களாம். யாருடைய பிள்ளைகள் என்று கேட்க ஆள் இல்லை. இங்கே ரைன்கரை அக்கா பட்டுப்பாவாடை பற்றி எழுதியதை வாசிக்க அதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் உடுப்பு ஏன் வேஷம் ஆக வேண்டும்?

ரைன்கரை

எல்பேகாற்று, உங்கள் கதையைக் கேட்க எரிச்சல்தான் வருகிறது. ஆனால் என் அம்மா யாரையும் கேலி செய்ய என்னை அனுப்பவில்லை. அவருக்கு அது பெருமை. பிழை உடுப்பில் இல்லை, நான் கேட்டதைத் தராததில்.

பாசல்பாலன்

என்னைக் கேட்டால், கார்னிவல் ஒன்றில்தான் எங்கே இருந்து வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

எல்பேகாற்று

உங்களுக்குத் தலையை முழுக்க மூட விட்டார்கள். நான் பேட்மேனாகப் போன வருடமும் "இந்திய பேட்மேனா?" என்றுதான் கேட்டார்கள். பேட்மேனுக்குக் கன்னமும் வாயும் வெளியே தெரியுமல்லவா.

வன்னித்தம்பி

ஜனவரியில், குழந்தை இயேசுவைப் பார்க்கப் பரிசுகளோடு வந்த மூன்று இராசாக்கள் ஊர்வலத்துக்கு எங்கள் பங்குச் சாமியார் என்னைத்தான் கறுப்பு இராசாவாக நிற்கக் கேட்டார். "உனக்குப் பூச்சே தேவையில்லை" என்று அன்பாகத்தான் சொன்னார். நாங்கள் சைவம் என்பதைக்கூட அவர் யோசிக்கவில்லை. அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: போ, ஆனால் பொன் கொண்டுபோகிற இராசாவாக இருக்கிறேன் என்று கேள். கேட்டேன். தந்துவிட்டார்கள். இனிப்பும் நிறையக் கிடைத்தது.

உடன்குடிசெல்வம்

தமிழ்நாட்டிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கத்தில் குலசேகரப்பட்டினம் தசரா. முத்தாரம்மனுக்கு வேண்டிக்கொண்டு, காப்புக் கட்டி, வேஷம் போட்டு வீடு வீடாகப் போய்க் காணிக்கை எடுப்போம். சேர்ந்த பணம் கோயில் உண்டியலுக்கு. பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். காளி வேஷம் போடுவதற்குப் பெரியவர்கள் நாள் கணக்கில் விரதம் இருப்பார்கள். பொடியன்களுக்குக் குரங்கு, கரடி, குறவன் குறத்தி, போலீஸ்.

எனக்குக் காய்ச்சல் வந்து பிழைத்ததற்கு அம்மா நேர்ந்துகொண்டது குறத்தி வேஷம். ஆம்பிளைப் பிள்ளைக்குப் பாவாடை தாவணி, பாசிமணி, கையில் கூடை. எங்கள் தெருப் பையன்கள் ஒருத்தனும் கிண்டல் பண்ணவில்லை. வேஷம் போட்டவனை அந்த நாட்களில் அம்மனாகத்தான் பார்ப்பார்கள். வயசானவர்களும் தட்டில் காசு போட்டுவிட்டுக் கும்பிடுவார்கள். ஒன்பது வயதில் என்னைக் கும்பிட்ட தாத்தாவைப் பார்த்து எனக்கு ஓட வேண்டும்போல இருந்தது. உங்களுக்குக் குளிர், எங்களுக்குப் புரட்டாசி வெயில். கரடி வேஷக்காரன்தான் பாவம்.

கொலோன்காரி

செல்வம், நடுவில் நுழையவில்லை, நல்ல இடத்தில்தான் நுழைந்தீர்கள். கொலோனிலும் ஒரு ஆம்பிளை பெண் வேஷம் கட்டி ஊருக்கே மரியாதைக்குரியவர் ஆகிறார். இளவரசன், விவசாயி, கன்னி என்று மூன்று பேர் ஒவ்வொரு வருடமும் கார்னிவலுக்குத் தலைமை தாங்குவார்கள். அந்தக் கன்னி வழக்கமாக ஆம்பிளைதான், இரண்டு பின்னல் தொங்கும். அப்பாவுக்குப் பல வருடம் அது பெண் என்றே நினைப்பு.

வாஸ்கோமணி

கோவாவில் கார்னிவல் இருப்பதை யாரும் சொல்லவில்லையே! அப்பாவுக்கு முர்முகாவ் துறைமுகத்தில் வேலை. அங்கேயும் சாம்பல் புதனுக்கு முந்திய சனி முதல் செவ்வாய் வரை. மோமோ ராஜா பஞ்சிமில் ஊர்வலம் வந்து, சாப்பிடு, குடி, கொண்டாடு என்று அறிவிப்பார். சுற்றுலாக்காரர்கள் பார்ப்பது அதைத்தான். எங்களுக்குத் தெருவில் மாவும் சாயத்தண்ணீரும் எறிவதுதான் கார்னிவல். வேஷம் என்றால் அக்காவின் பழைய கவுனும் ஒரு கடதாசி முகமூடியும். அதற்கு மேல் செலவு செய்தால் மாவில் நாசமாகிவிடும்.

களப்பொறுப்பாளர்

திரி நன்றாகப் போகிறது. வேஷங்களின் அரசியல் பற்றி நீட்டி எழுத விரும்புகிறவர்கள் தனித் திரி தொடங்கலாம்.

சிவகாமி_ஹம்

இனிப்பு பற்றி ஒருவரும் எழுதவில்லை! ரோஸன்மொன்டாக்கில் கொலோனில் மட்டும் 300 தொன் அளவில் எறிவார்கள் என்கிறார்கள். நாங்கள் ஹம் பக்கம் இருந்தாலும் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடுவோம். குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்தால் "கமெல்லே!" என்று கத்தக் கத்த உள்ளே விழும். அப்பா உயரமானவர், அதனால் குடை அவர் கையில். சித்தி கீழே நின்று காலால் இழுத்து அள்ளுவார், குனியவே மாட்டார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் சோகம். அம்மா பேப்பரை விரித்து எல்லாவற்றையும் கொட்டி ஒவ்வொன்றாக வாசிப்பார். ஜெலட்டின் என்று இருந்தால் ஒரு பக்கம். ஹரிபோ கரடிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும், எங்களுக்கு மிஞ்சுவது சொக்லேட்டும் கரமலும். அண்ணன் கரடிகளை வேஷத் தொப்பிக்குள் ஒளித்துக் கொண்டுவரப் பழகிவிட்டான்.

இதில் வேறொரு சிக்கல், சிவராத்திரி. ஈஸ்டர் பௌர்ணமிக்குப் பிறகு வருகிற ஞாயிறு. அதிலிருந்து பின்னால் எண்ணினால் கார்னிவல் அமாவாசைப் பக்கமாக வந்து நிற்கும். சிவராத்திரி அமாவாசைக்கு முந்திய இரவு. ஆகவே பல வருடங்களில் இரண்டும் ஒரே கிழமையில் மோதும். 2018இல் கார்னிவல் செவ்வாயும் சிவராத்திரியும் ஒரே நாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் ஒரு வருடம் அப்படி ஒட்டி வந்தது. பகல் முழுக்க ஊர்வலம், இரவு விரதம். பூனை மீசை கழுவக் கழுவப் போகவில்லை, மையால் வரைந்தது. அப்படியே கோயிலுக்குப் போனேன். ஐயர் விபூதி பூசும்போது என் முகத்தை நிமிர்த்திப் பார்த்து, மூக்கு நுனியில் இருந்த கறுப்புப் பொட்டிலும் கொஞ்சம் விபூதி வைத்தார். நித்திரை முழிக்கிற பிரச்சினையே இல்லை, வயிறு நிறையச் சீனி.

வன்னித்தம்பி

தொப்பிக்குள் கரடி!! உங்கள் அண்ணனுக்கு ஒரு சலூட்.

வவுனியன்

நான் உங்களை எல்லாம் விடப் பிந்தி வந்தவன். 2010 பெப்ரவரி. முகாமிலிருந்து வெளியே வந்து, எப்படியோ சுற்றி, அப்பாவும் நானும் கொலோன் பெரிய ரயில் நிலையத்தில் இறங்கினோம். எங்களை ஏற்ற வரவேண்டிய மாமா இன்னும் வரவில்லை.

யாரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ரயிலால் இறங்கினால் பன்றி போகிறது, கன்னியாஸ்திரி பியர் குடிக்கிறார், தாடி வைத்த தேவதை பாடுகிறது. நான் பதினொரு வயது, வாயைப் பிளந்து நின்றேன். அப்போது படியால் சீருடைக்காரர் ஐந்தாறு பேர் எங்களை நோக்கி வந்தார்கள். அப்பாவின் கை என் தோளில் அப்படியே இறுகிவிட்டது. மெதுவாகப் பையைக் கீழே வைத்து, கடதாசிகளை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். அதில் ஒருவர் அப்பாவின் கடதாசியைப் பார்த்துவிட்டு, அதன்மேல் ஒரு சிவப்பு மூக்கை வைத்துவிட்டுப் பாடிக்கொண்டே போய்விட்டார். அவர்களின் காற்சட்டைக்குக் கீழே வரிக்குதிரைக் காலுறை. எல்லாரும் வேஷம்.

மாமா வந்து விளக்கிய பிறகு அப்பா சிரிப்பாரா, கோபப்படுவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் இல்லை. "உண்மையான பொலிஸ் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லு" என்றார் மாமாவிடம்.

அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் என்ன வேஷம் என்று கேட்டபோது நான் பொலிஸ் என்றேன். ஏன் என்று தெரியாது. தொப்பியும் விலங்கும் வூல்வேர்த் கடையில் அப்பாதான் வாங்கித் தந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்த விலங்கை முதலில் தனக்கே போட்டுப் பார்த்தார். சாவி தொலைந்துவிட்டது. நல்லகாலம், பிளாஸ்டிக்.

நெடுந்தீவான்

தம்பி, உங்கள் அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். கொலோனில் என்றால் ஒருநாள் வீட்டுக்கு வாங்கோ.

ரைன்கரை

என் மகன் இந்த முறை பொலிஸ்தான் வேண்டும் என்று நிற்கிறான், கணவரும் சேர்ந்து போடுகிறாராம். இங்கே அது சட்டப்படி பிரச்சினை இல்லையா?

வன்னித்தம்பி

மகனுக்கு ஒன்றும் இல்லை. பெரியவர்கள்தான் கவனம்: உண்மைச் சீருடையோடு குழம்புகிற மாதிரி உடுத்தி வெளியே திரிந்தால் ஜேர்மன் குற்றவியல் சட்டம் 132அ பிரிவில் வரும். கடையில் விற்கிற பளபளா உடுப்பு என்றால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஆன்லைனில் அசல் மாதிரிச் சட்டை, சின்னம் எல்லாம் தேடி வாங்கவேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள், அக்கா.

ரைன்கரை

நேற்றே ஓர்டர் பண்ணிவிட்டார். திருப்பி அனுப்பச் சொல்கிறேன்.

வவுனியன்

வரிக்குதிரைக் காலுறையும் ஓர்டர் பண்ணச் சொல்லுங்கள்.